எல்லிங்ஸ்ருட் குலேந்திரனின் தனி ஆவர்த்தனம்

குலேந்திரனுக்குக் கை சும்மா கிடக்காது. சோறு வரும்வரை காத்திருக்கும் இரண்டு நிமிடத்தில் சாப்பாட்டு மேசையின் விளிம்பில் விரல்கள் ஓடத் தொடங்கிவிடும். சுரங்க ரயிலில் நின்றால் பிடிகம்பியில் தட்டுவார், வைத்தியரின் முன்னறையில் இருந்தால் தொடையில் தட்டுவார். கோயிலில் மட்டும் கைகளை இறுக்கிக் கட்டிக்கொண்டு நிற்பார். அப்போது கால் ஆடும். "காலாட்டாதேங்கோப்பா, வீட்டுக்கு ஆகாது" என்று அவருடைய மனைவி சிறிதேவி பல வருடமாகச் சொல்லி வந்தாள். அவரும் "ஓம்" என்று நிறுத்தி, அடுத்த நிமிடமே மறுபடி ஆட்டினார்.

இது பிறவியில் வந்ததல்ல. எண்பத்தேழில் நோர்வேக்கு வந்தபோது, வடக்கே பனிக்குள் இருந்த ஓர் அகதி முகாமில் பதினொரு மாதம் இருத்தி வைத்தார்கள். மொழி தெரியாது, வேலை செய்ய அனுமதி கிடையாது. கடிதம் வரும் என்று காத்திருப்பதுதான் முழுநேர வேலை. விரல்கள் அங்கேதான் தொடங்கின. பிறகு கடிதம் வந்தது. ஒஸ்லோவில் ஓர் ஆஸ்பத்திரிச் சமையற்கட்டில் வேலை கிடைத்தது, கலியாணம் நடந்தது, எல்லிங்ஸ்ருட்டில் ஒரு வீடு அமைந்தது, மகள் யதுர்ஷா பிறந்தாள். விரல்களுக்கு மட்டும் யாரும் அதை அறிவிக்கவில்லை போலும். அவை இன்னும் எதற்கோ காத்திருந்து தட்டிக்கொண்டே இருந்தன.

சமையற்கட்டில் அவர் நின்றது கழுவும் பட்டிக்குப் பக்கத்தில். நோயாளிகள் சாப்பிட்ட தட்டங்கள் ரப்பர்ப் பட்டியில் வரிசையாக ஊர்ந்து வரும். மூடி ஒரு பக்கம், கோப்பை ஒரு பக்கம், கரண்டி ஒரு பக்கம் என்று பிரித்துப் போடவேண்டும். மூடி விழும் சத்தத்துக்கும் கரண்டி விழும் சத்தத்துக்கும் இடையில் அவர் ஒரு கணக்கு வைத்திருந்தார். பட்டியின் மறுமுனையில் நின்ற றெஜினோல்ட் அந்தக் கணக்கைக் கேட்டுத்தான் அவருக்கு 'மேளம்' என்று பெயர் வைத்தான். குருநகர்க்காரன், வேதக்காரன், வாய் ஓயாதவன். வேலையிடத்தில் வேறு தமிழர் இல்லாததால் இருவருக்கும் ஒருவரையொருவர் விட்டால் வழியில்லை.

யதுர்ஷாவுக்குப் பத்து வயதானபோது பள்ளிக்கூட வாத்தியக்குழுவில் கிளாரினெட் பழகச் சேர்ந்தாள். இந்த ஊரில் பிள்ளை ஒரு வாத்தியத்தைத் தூக்கினால் பெற்றோர் கட்டில், அலுமாரி எல்லாம் தூக்கவேண்டும். குழுவின் செலவுக்காக வருடம் இருமுறை பழைய சாமான் சந்தை நடக்கும். பள்ளி மண்டபம் முழுக்க உடுப்பும் புத்தகமும் சோபாவும் வந்து குவியும். பெற்றோர் முறைபோட்டுச் சுமந்து அடுக்கவேண்டும். அந்த ஆண்டு இலைதுளிர் காலத்துச் சந்தையில் குலேந்திரனுக்கு விழுந்தது தளபாடப் பகுதி. இறந்துபோன ஒரு கிழவரின் வீட்டைக் காலி செய்தபோது வந்த சாமான்களுக்கு நடுவே ஒரு பெட்டி நிறைய இசைத்தட்டுகள் இருந்தன. மேலே இருந்ததன் உறையில் ஒரு மனிதன். முகத்தில் மயிர் விழுந்து கிடக்கிறது, வாய் திறந்திருக்கிறது, கோட் தோளை விட்டு நழுவுகிறது. கண்ணுக்கு முன்னால் தீப்பற்றி எரிவதைப்போல டிரம்மைப் பார்த்து அடித்துக்கொண்டிருக்கிறான். குலேந்திரன் அலுமாரியைக் கீழே வைத்துவிட்டு அந்த உறையையே பார்த்துக்கொண்டு நின்றார். மாலையில், யாரும் எடுக்காமல் மிஞ்சியதை எல்லாம் எறியப்போகிறார்கள் என்றபோது, பெட்டியையும் மிஞ்சிய ஒரு தட்டுச்சுழற்றியையும் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

அந்த மனிதன் ஜீன் குரூப்பா. அமெரிக்காவில் முப்பதுகளின் 'ஸ்விங்' நடன இசைக் காலத்தில், பின்வரிசையில் தாளத்துக்கு இருந்தவனை முன்வரிசைக்குக் கொண்டுவந்தவர். நிலத்தில் நிற்கும் பெரிய டொம்டொம்மில் அவர் இடைவிடாமல் இடிக்கும்போது மற்ற வாத்தியங்கள் எல்லாம் விலகி வழிவிடும். முதல் தடவை கேட்டபோது குலேந்திரன் இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு கேட்டார். 'இந்த ஆளுக்கும் கை சும்மா கிடந்திருக்காது' என்றுதான் அவருக்கு முதலில் தோன்றியது. நாற்பது வயது தாண்டிய பிறகு, தன்னைப்போல ஒருவனை இசைத்தட்டின் உறையில் கண்டுபிடித்துவிட்டார்.

அதற்குப் பிறகு அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. வியாழக்கிழமைகளில் வேலை முடிந்ததும் நகர நூலகத்தின் இசைப்பிரிவுக்குப் போவார். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஐந்து மணிவரை இருப்பார். கேட்டதை அடுத்தநாள் பட்டியின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குக் கத்திச் சொல்லுவார். றெஜினோல்டுக்கு ஸ்விங் காலத்து டிரம்காரர்களின் வரலாறு கோப்பைச் சத்தத்தினூடாகத்தான் தெரியவந்தது.

சிக் வெப் பற்றிச் சொல்லும்போது குலேந்திரனின் குரல் தணியும். சிறுவயதில் முதுகெலும்பில் வந்த நோயால் கூன் விழுந்து, வளராமல் போன உடம்பு. கால் எட்டவேண்டும் என்று மிதிகட்டைகளைத் தனக்கேற்ப அமைத்துக்கொண்டார். நியூயோர்க்கில் ஹார்லெம் நடனமண்டபத்தில் அவர்தான் அரசன். முப்பத்தேழில் குரூப்பா இருந்த பெரிய குழு அதே மண்டபத்துக்குப் போட்டிக்கு வந்தது. சனம் தெருவரை நின்றது. அன்று குரூப்பா தோற்றார். தன்னைவிடப் பெரியவனிடம் தோற்றேன் என்று வெளிப்படையாகச் சொல்லவும் செய்தார். "தோத்தவன் சொல்லுறான் பார், அதுதான் மச்சான் பெரிய மனிசத்தனம்" என்பார் குலேந்திரன். "அப்ப நீ ஏன் தோத்தவனை வைச்சுக் கும்பிடுறாய்?" என்பான் றெஜினோல்ட்.

ஜோ ஜோன்ஸைப் புரிந்துகொள்ள அவருக்கு ஆறுமாதம் எடுத்தது. முதலில் ஒன்றுமே நடக்காததுபோல இருந்தது. பிறகுதான் விளங்கியது, அந்த மனிதர் தாளத்தைக் கீழேயிருந்து தூக்கி மேலே வைத்துவிட்டார் என்று. அதுவரை பெரிய டிரம்மைக் காலால் தொம் தொம் என்று மிதித்துக் காட்டிய கணக்கை, அவர் இரண்டு வெண்கலத் தட்டுகள் திறந்து மூடும் ஹை-ஹாட்டில் காட்டினார். இடி நின்று காற்று வந்ததுபோல இருந்தது. சிட் கட்லெட் ஆளில் மலை, கையில் பூ. யார் பாடினாலும் யார் ஊதினாலும் அவர்களுக்கேற்ற அளவில் மட்டும் அடிப்பார். படி ரிச் நடக்கப் பழகும் வயதிலேயே மேடையேறியவர். அவருடைய வேகத்தைக் கேட்டால் குலேந்திரனுக்கு வியப்பும் எரிச்சலும் சேர்ந்து வரும். "உவன் எங்களை அடிக்கவிடமாட்டான், பார்த்துக்கொண்டு இருக்கத்தான் விடுவான்" என்பார். கடைசியாக டேவ் டஃப். மெலிந்த சிறு மனிதர். தனியாக அடித்துக் காட்டுவதையே விரும்பாதவர். குழு முழுவதையும் பின்னாலிருந்து ஒரு வெண்கல அலையில் தூக்கிக்கொண்டு போவார். அவரைத் தேடினால் காணமுடியாது. குலேந்திரன் அவரை மதித்தார், ஆனால் அவரைப்போல வர ஆசைப்படவில்லை. அவருக்கு வேண்டியது குரூப்பாவின் இடி.

பழகுவதற்கு வீட்டில் டிரம் கிடையாது. அடுக்குமாடியில் சுவருக்கு அப்பால் ஆட்கள். ஒரு சோடித் தடி மட்டும் வாங்கினார். எதில் அடித்தாலும் சத்தம் வந்தது, பத்துக்கிலோ பாசுமதி அரிசி மூட்டையில் அடித்தால் மட்டும் வரவில்லை. சிறிதேவி சமையலறைக்குள் வந்து கண்டபோது அவர் கண்ணை மூடிக்கொண்டு அரிசியை வெளுத்துக்கொண்டிருந்தார். "சாப்பிடுற லட்சுமிக்கு அடிக்கிறியளே, உங்களுக்கு என்னப்பா பிடிச்சது" என்று மூட்டையை இழுத்துக்கொண்டுபோய் அறைக்குள் பூட்டினாள். அடுத்தநாள் வேலையால் வந்தபோது கட்டிலில் ஒரு பழைய தலையணை கிடந்தது. உறைக்குள் அவள் கந்தல்துணிகளை இறுக்கித் தைத்து, சரியாக மடியில் வைக்கும் அளவுக்குச் செய்திருந்தாள்.

வாத்தியக்குழுவை நடத்திய ஒட்வார் என்ற கிழவர், ஓய்வுபெற்றவர்களும் ஆசிரியர்களுமாகச் சேர்ந்த ஒரு பழையபாணி நடன இசைக்குழுவையும் வைத்திருந்தார். அவர்களுடைய டிரம்காரர் எண்ணெய்க் கம்பெனி வேலைக்கு ஸ்தவாங்கர் போய்விட்டார். மகளை ஏற்றவந்த குலேந்திரன், ஒருநாள் பிள்ளைகள் போன பிறகு யாருமில்லை என்று நினைத்து அங்கிருந்த டிரம்முக்குப் பின்னால் இருந்தார். தலையணையிலும் அரிசியிலும் பழகிய கை. அவற்றில் தடி திரும்பி எழாது, ஆனால் தோலில் துள்ளும். முதல் அடியிலேயே ஒரு தடி கையை விட்டுப் பறந்து கதவடியில் நின்ற ஒட்வாரின் காலடியில் விழுந்தது. ஒட்வார் அதை எடுத்துக் கொடுத்துவிட்டு, இன்னொருமுறை என்றார். செவ்வாய்க்கிழமை மாலைகளில் வரமுடியுமா என்று அன்றே கேட்டார்.

இசைக்குறிப்பு வாசிக்க குலேந்திரனுக்குத் தெரியாது. யதுர்ஷாவின் பழைய கொப்பி ஒன்றில் தமிழில் எழுதி வைத்துக்கொண்டார்: 'ட்ரம்பெட் இரண்டுதரம் கத்தும், பொறு. மூன்றாந்தரம் விழ முன்னம் பிடி. கிழவர் தலையாட்டினால் மெதுவாக.' பக்கத்தில் ட்ரம்போன் ஊதிய ஓய்வுபெற்ற தபாற்காரர் அந்த எழுத்தைப் பார்த்துவிட்டு, எங்கள் குறிப்பைவிட உன்னுடையதுதான் அழகாயிருக்கிறது என்றாராம். இரண்டு வருடம் ஒரு செவ்வாய் தப்பாமல் போனார்.

நம்மவரிடையே இது எடுபடவில்லை. மேளம் என்றால் ஆருடைய தொழில் என்று பிறந்தநாள் வீடொன்றில் ஒருவர் சாதியையும் இழுத்தார். குலேந்திரன் சிரித்துவிட்டு வந்தார். அன்று முழுக்கக் கால் நிற்கவில்லை. யாழ்ப்பாணத்தில் இருந்த பெரியண்ணன்தான் விசாரித்தவர். தகப்பன் இல்லாத வீட்டில் தகப்பனாக இருந்து இவரை விமானம் ஏற்றிவிட்டவர். இதய வருத்தக்காரர். தொலைபேசியில் முதலில் உனக்கு விசரோ என்று கேட்டார். பிறகு, பாதை பூட்டி ஊரடங்கு போட்டுக் கிடந்த அந்த நாட்களில், பொழுது போகவில்லை, ஒருக்கா அடிச்சுக் காட்டு பார்ப்பம் என்றார். குலேந்திரன் தலையணைக்குப் பக்கத்தில் தொலைபேசியை வைத்து அடித்தார். "ஒண்டும் கேக்கேல்லையடா" என்றார் அண்ணன். "இன்னொருக்கா அடி."

இரண்டாயிரத்தேழு நவம்பரில் குழுவின் கச்சேரி வந்தது. மயூர்ஸ்துவா பக்கத்தில் ஒரு பள்ளி மண்டபம், சனிக்கிழமை மாலை ஐந்து மணி. கடைசி உருப்படியில் டிரம்முக்குத் தனி இருந்தது. நாலடி ஓர் ஆவர்த்தனம், அப்படி முப்பத்திரண்டு. மற்ற எல்லாரும் நிறுத்திவிடுவார்கள். அதை ஒட்வார் குலேந்திரனுக்குக் கொடுத்தார். அடிப்பதா விடுவதா என்று கேட்கவேயில்லை. அந்த மாதம் முழுக்க அவர் நித்திரை கொண்டதாகச் சிறிதேவிக்கு நினைவில்லை. மேடையில் ஒருதரம், ஒரேயொருதரம், அந்த உறையிலிருந்த மனிதனைப்போல இடிக்கவேண்டும். பதினொரு மாதம் முகாமில் இருந்தபோது தொடங்கிய தட்டலை எங்கேயாவது கொண்டுபோய் முடிக்கவேண்டும். சிறிதேவியையும் மகளையும் றெஜினோல்ட் குடும்பத்தையும் வரச்சொல்லியிருந்தார். வேறு யாரையும் கேட்கத் துணிவில்லை.

சனிக்கிழமை அவருக்கு விடியவேலை. இரண்டு மணிக்கு வீடு வந்தார். மீன் மணக்கவில்லை. சனிக்கிழமையென்றால் இந்த வீட்டில் மீன். சோறும் பருப்பும் கீரையும்தான் மேசையில் இருந்தன. கடையில் மீன் சரியில்லை என்றாள் சிறிதேவி. யதுர்ஷா அறையைவிட்டு வெளியே வரவில்லை, தலையிடியாம். றெஜினோல்ட் கைத்தொலைபேசியில் எடுத்தான். வழமையாக 'என்னடா மேளம்' என்று தொடங்குகிறவன், "குலம், சாப்பிட்டியே? வடிவா அடி என்ன. நாங்கள் எல்லாரும் அங்க நிப்பம்" என்றான், கோயிலில் கதைப்பதுபோல.

குலேந்திரன் திருநீறு பூசப் போனார். வரவேற்பறை மூலையில் சாமித்தட்டு. அதன் திரை இழுத்து மூடியிருந்தது. சிறிதேவி பின்னாலேயே வந்து, நேரம் போட்டுது, வெளிக்கிடுங்கோ என்றாள். அவர் திரையின் விளிம்பைச் சற்று விலக்கிப் பார்த்தார். விளக்கு ஏற்றப்படவில்லை. நேற்றைய பூ அப்படியே வாடிக் கிடந்தது. மகளுக்குச் சோதனை என்றாலும், இவருக்கு வைத்தியரிடம் போகிற நாள் என்றாலும், விளக்கேற்றாமல் அவள் யாரையும் படிதாண்ட விட்டதில்லை. மீனுக்கு ஒரு பொய் சொல்ல அவளால் முடிந்திருந்தது. சாவுத் துடக்கு விழுந்த வீட்டில் விளக்கேற்றிச் சாமிக்குப் பொய் சொல்ல முடியவில்லை.

ஊரில், இதய வருத்தக்கார அண்ணன் போய்விட்டார்.

அவர் திரையை முன்போல இழுத்துவிட்டார். கீழே வைத்திருந்த குழுவின் சிம்பல்தட்டுகளை எடுத்துவருகிறேன் என்று சொல்லிவிட்டு நிலக்கீழ் அறைக்கு இறங்கினார். கம்பிவலைக் கதவுகளுக்குப் பின்னால் ஒவ்வொரு வீட்டுக்காரரின் பனிச்சறுக்குத் தடிகளும் பழைய சைக்கிள்களும் நின்றன. கையில் தொலைபேசியை எடுத்தார். ஊர் இலக்கம் மனப்பாடம். ஒரு அழைப்புப் போதும்.

ஆனால் அழைத்தால் தெரிந்துவிடும். தெரிந்தால் முப்பத்தொரு நாள் துடக்கு. கோயில் இல்லை, கொண்டாட்டம் இல்லை, மேடை எங்கே. துடக்கு என்பது செய்தி காதில் விழுந்த நேரத்திலிருந்துதான் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறார். அவருடைய காதில் இன்னும் ஒன்றும் விழவில்லை. ஒரு திரையைத்தான் பார்த்திருக்கிறார். இப்படி நினைத்த உடனே அவருக்குத் தன்மேல் அருவருப்பு வந்தது. அண்ணனின் சாவுக்கு வக்கீல் வைத்துக் கதைக்கிறேனே என்று. போகாமல் விடலாம். அப்படி விட்டால் அவளுக்கு விளங்கிவிடும். விடியத் தொடக்கம் அவள் வாய்க்குள் வைத்து அடக்கிக்கொண்டிருப்பது வீணாய்ப் போகும். சாத்திரக் கோடு கடக்காத மனுசி, இவருக்காக இவ்வளவு நேரம் சாவைத் தள்ளிவைத்திருக்கிறாள். அங்குமிங்கும் நடந்தார். ஒரு சைக்கிள் மணியில் கை பட்டு அது கிணுங்கியது. கடைசியில் அவர் ஒரு முடிவுக்கு வந்தார். போவது. ஆனால் அந்தத் தனியை இடிக்காமல் விடுவது. டேவ் டஃபைப்போல, முப்பத்திரண்டு ஆவர்த்தனமும் ஹை-ஹாட்டில் கணக்கை மட்டும் மெல்லப் பிடித்து மற்றவர்களிடம் ஒப்படைப்பது. அவ்வளவுதான் செய்யலாம் என்று அவருக்குப் பட்டது.

நாலு மணிக்கே இருட்டிவிட்ட நகரத்துக்குள் போனார்கள். சிறிதேவி மாம்பழ மஞ்சள் சேலை உடுத்திருந்தாள். தலையில் பூ வைக்கவில்லை. மூன்றாம் வரிசையில் அவள், மகள், றெஜினோல்ட், அவன் மனைவி மரியரஞ்சனி. சுற்றிவர நோர்வேக்காரக் கிழவன் கிழவிகள்.

கச்சேரி பழுதில்லாமல் போனது. குலேந்திரனுக்கு அதில் ஒன்றும் நினைவில் தங்கவில்லை. கடைசி உருப்படி வந்தது. ட்ரம்பெட் மூன்றாந்தரம் கத்தியது. எல்லாரும் நிறுத்தினார்கள். மண்டபம் வெறுமையாகியது. அவர் நினைத்தபடியே ஹை-ஹாட்டை மட்டும் தொட்டார். சிக், சிக், சிக். மெல்லிய சத்தம். அந்த மெல்லிய சத்தத்துக்கு மேலாக வேறொன்று கேட்டது. விக்கல் போன்ற ஒன்று, பிறகு இழுத்த மூச்சு. முன்வரிசைப் பெண் ஒருத்தி திரும்பிப் பார்த்தாள். மஞ்சள் சேலையின் தலைப்பை இரண்டு கையாலும் வாய்க்குள் திணித்துக்கொண்டு சிறிதேவி குனிந்திருந்தாள். அவளுடைய முதுகு குலுங்கியது. விடியத் தொடக்கம் பூட்டி வைத்தது, எல்லாச் சத்தமும் நின்ற அந்த இடத்தில் உடைந்துவிட்டது. அவள் அடக்கப் பார்த்தாள். அடக்க அடக்க அது வெளியே வந்தது. இன்னும் சிலர் திரும்பினார்கள்.

குலேந்திரன் டொம்டொம்மில் இறங்கினார்.

இடித்தார். மண்டபத்தின் யன்னல்கள் அதிர்ந்தன. திரும்பிய தலைகள் எல்லாம் மேடைப்பக்கம் வந்தன. குரூப்பாவின் இடி எட்டு ஆவர்த்தனத்துக்குத் தாங்கியது, பிறகு பதினாறு, பிறகு அவருடைய தோள் எரிந்தது. முப்பத்திரண்டு முடிய ஒட்வார் குழுவை உள்ளே எடுக்கக் கையைத் தூக்கினார். குலேந்திரன் மூன்றாம் வரிசையைப் பார்த்தார். முதுகு இன்னும் குலுங்குகிறது. ஒட்வாரைப் பார்த்து இல்லை என்று தலையாட்டினார். கிழவர் தூக்கிய கையை அப்படியே வைத்திருந்தார்.

இனி அடிக்க அவரிடம் ஒன்றும் இல்லை. தெரிந்த எல்லாரையும் துணைக்கு அழைத்தார். சிக் வெப்பிடமிருந்து ஸ்னேர் என்ற சின்ன டிரம்மில் விழும் பொறிகளை எடுத்தார். படி ரிச்சைப்போல ஓடப்பார்த்தார். கை தடுக்கியது, தடுக்கியதையும் சேர்த்து அடித்தார். நேற்றுவரை பழகாதவற்றை எல்லாம் பாதியும் குறையுமாகப் போட்டுப் போட்டு, சத்தம் ஒரு கணமும் விழாமல் பார்த்துக்கொண்டார். வியர்வை கண்ணுக்குள் போனது. அழகாக இருந்ததா என்று அவருக்குத் தெரியாது. அந்த இடிக்கு அடியில் சிறிதேவி சேலைத்தலைப்பை வாயிலிருந்து எடுத்துவிட்டு, முகத்தை மூடாமல், வாய்விட்டு அழுதாள். மரியரஞ்சனி அவளைத் தோளோடு அணைத்துக்கொண்டாள். ஒருவருக்கும் கேட்கவில்லை. கடைசியில் அவள் நிமிர்ந்து முகத்தைத் துடைத்தாள். அப்போதுதான் அவர் தடியை உயர்த்தி நாலு அடி எண்ணிக் காட்டினார். குழு உள்ளே விழுந்தது. தொண்ணூற்றாறு எண்ணினேன் என்று தபாற்காரர் பிறகு சொன்னார்.

சனம் எழும்பி நின்று தட்டியது. குலேந்திரன் குனிந்து சிம்பல்களைக் கழற்றத் தொடங்கினார்.

றெஜினோல்ட் யதுர்ஷாவைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு, நீங்கள் ரெண்டுபேரும் ட்ரெயினில வாங்கோ என்று போய்விட்டான். சொல்லவேண்டியவள் சொல்லட்டும் என்பதற்காக. எல்லிங்ஸ்ருட் போகும் ரயிலில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். சிம்பல் பை அவர் காலுக்கிடையில். நம்மவர் சாவுச்செய்தியை ஒரேயடியாகச் சொல்வதில்லை, படிப்படியாக இறக்குவார்கள். இரண்டு தரிப்பிடம் கழிந்தபிறகு சிறிதேவி முதற்படியில் தொடங்கினாள். "இஞ்சேருங்கோ. அண்ணருக்குக் கொஞ்சம் சுகமில்லையாம்."

"எப்ப நடந்தது?" என்றார் குலேந்திரன்.

அவள் அவரைப் பார்க்காமல் எதிர் யன்னலைப் பார்த்தாள். "நீங்கள் வேலைக்கு வெளிக்கிட்டுப் பத்து நிமிசத்தில ரெலிபோன் வந்தது. நித்திரையிலயாம். ஊரடங்குக்கு முன்னம் எடுக்கவேணுமெண்டு இண்டைக்கே எடுத்திட்டினம்."

ரயில் சுரங்கத்தை விட்டு வெளியே வந்தது. வெளிச்சமான யன்னல்களோடு மாடிவீடுகள் நின்றன. அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார், மறுபடி துடைத்தார். அவள் அவர் பக்கம் திரும்பிக் கேட்டாள்.

"அப்ப உங்களுக்கு முதலே தெரியும். தெரிஞ்சும் ஏன் அப்பிடி அடிச்சனீங்கள்?"

"நீர் அழுது முடியேல்லை."

அதற்குப் பிறகு அவள் அவருடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். உள்ளங்கை இரண்டு இடத்தில் கிழிந்து, இரத்தம் காய்ந்திருந்தது. பொது இடத்தில் அவள் இப்படிச் செய்ததில்லை.

துடக்குக் காலத்தில் ஆட்கள் வந்து போனார்கள். அதற்குள் கதை பரவிவிட்டது. தமையன் செத்த அண்டைக்கு வெள்ளைக்காரருக்கு மேளம் அடிச்சவன்; அடிச்சது காணாதெண்டு இன்னும் இழுத்து அடிச்சவனாம். இல்லை, அவருக்கு அப்போது தெரியாது என்று சொல்லிச் சமாளிக்க றெஜினோல்ட் முன்வந்தான். அதுதான் சுலபமான வழி. குலேந்திரன் வேண்டாம் என்றார். தெரியாது என்றால் அது பொய். தெரியும் என்றால் மனைவி அழுததைச் சொல்லவேண்டும். இரண்டுக்கும் அவருக்கு மனமில்லை. தலையைக் குனிந்துகொண்டு வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்தார்.

முப்பத்தொன்று முடிந்து இரண்டு கிழமையில், குரோன்லாண்டில் தமிழ்க்கடையொன்றில் சிறிதேவி கீரை தெரிந்துகொண்டிருந்தாள். பிறந்தநாள் வீட்டில் சாதியை இழுத்த அதே மனிதரின் மனைவி ராசமலர், நாலுபேர் கேட்கும்படி, "உங்கட அவர் அண்டைக்கும் அடிச்சவராமே" என்றாள்.

சிறிதேவி கீரைக்கட்டை உதறிப் பார்த்துக் கூடைக்குள் வைத்தாள்.

"ஓம் அக்கா, அடிச்சவர்" என்றாள். "எனக்குத்தான் அடிச்சவர்."